கடைசிச் சாற்றில் ஒரு விரல் சுண்ணாம்பு

நான் இளைப்பாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஏப்ரல் பிறந்தால் நான் வேலை செய்த பண்ணையிலிருந்து ஒரு தொலைபேசி வரும். இப்போது அங்கே பொறுப்பாக இருப்பவர் முப்பது வயதுப் பெண். இந்த வருடம் மரத்துக்கு மரம் குழாய் இழுத்து, மோட்டார் வைத்துச் சாற்றை உறிஞ்சி எடுக்கிறார்களாம். வாளியே இல்லையாம். வாளிக் காலத்தைப் பற்றிப் புதிய ஆட்களுக்கு வந்து சொல்லுங்கள் என்று கேட்டார். போனேன். அரை மணித்தியாலம் துளை, வாளி, நுரை என்று கதைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. அதை நொர்ஸ்கில், நொர்வே மொழியில், சொல்லி விளங்கப்படுத்த எனக்கு வராது. நம்மவர்களுக்கென்றால் விளங்கப்படுத்தவே தேவையில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் வேலைக்காலத்தின் முற்பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எண்பதுகளின் கடைசியில் நொர்வேக்கு அகதியாக வந்தேன். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நான்கு குளிர்காலம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பாடசாலைகளில் தரை துடைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. வேலை அலுவலகத்துப் பெண் என் கோப்பைப் புரட்டிவிட்டு, ஊரில் என்ன வேலை என்று கேட்டார். பனம்பொருள் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் என்றேன். பனை என்றால் என்ன என்றார். அது ஒரு மரம், அதில் சாறு எடுத்துப் பாணி காய்ச்சுவார்கள் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கிழமையே என்னை நகரின் ஓரத்தில், ரொம்சோசுக்கு மேலே காட்டோரத்தில் இருந்த பண்ணைக்கு அனுப்பிவிட்டார். நான் சங்கத்தில் பேனை பிடித்தவன், ஒரு நாளும் சாறு காய்ச்சியவனல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை கிடைக்கிற நேரத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

பண்ணையில் ஆடு, கோழி, உருளைக்கிழங்கு, விறகு என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து மூன்று நான்கு கிழமைக்கு மட்டும் மற்றதெல்லாம் ஒருபுறம் கிடக்க, பேர்ச் மரங்கள்தான் எங்களுக்கு எசமான். வெள்ளைப் பட்டை உரிகிற அந்த மரம் இங்கே தெருவுக்குத் தெரு நிற்கிறது. பனி கரையத் தொடங்கியதும் வேர் நீரை மேலே ஏற்றும். இடுப்பளவு உயரத்தில், சற்றே மேல்நோக்கிச் சாய்த்து, அரை விரல் ஆழத்துக்கு ஒரு துளை போடுவோம். அதில் ஒரு சிறு குழாய், கீழே மூடி போட்ட வாளி. வருகிற சாறு பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்தான். குடித்தால் எங்கோ தூரத்தில் ஓர் இனிப்பு. நூறு லீட்டர் காய்ச்சி ஒரு லீட்டர் பாணி வந்தால் நல்ல நாள். காலை எட்டு மணிக்குள் சேர்த்து, துணியில் வடித்து, விறகடுப்பின்மேல் அகன்ற தட்டைச் சட்டியில் ஊற்ற வேண்டும். முதலில் பெருநெருப்பு. பாதிக்கு மேல் வற்றியபின் நெருப்பைக் குறைத்து, கடைசியில் சிறு பாத்திரத்துக்கு மாற்றி, அதை வெந்நீருக்குள் இறக்கி, கொதிக்கவிடாமல் வற்றவைக்க வேண்டும். பேர்ச் சாற்றின் சீனி பொல்லாதது. ஒருமுறை தும்மிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கருகியிருக்கும்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் குன்வோர், பண்ணையின் அப்போதைய பொறுப்பாளர். அறுபதை நெருங்கிய நெட்டையான மனுசி. சொற்களை எண்ணித்தான் செலவழிப்பார். ‘யா’ என்று ஆம் சொல்லும்போது மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுப்பார். நொர்வேக்காரர் பலரிடம் அந்தப் பழக்கம் உண்டு, எனக்கு அப்போது தெரியாது. முதல் நாள் ஆளுக்கு முட்டு வருத்தம் என்று பயந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கிக் குடித்துவிட்டு, மறுபடியும் மூச்சை இழுத்து ‘யா’ என்றார்.

குன்வோரின் மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு இருக்கும். ஒவ்வொரு வாளியிலும் ஒரு கரண்டி எடுத்து அந்தத் தட்டில் விட்டு, வெளிச்சத்தில் சாய்த்து நிறம் பார்ப்பார், பிறகு ருசிப்பார். கலங்கல் இருந்தால் அந்த வாளி புல்லுக்குப் போகும். யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. பிழை நடந்தால் அருகே வந்து நிற்பார், அவ்வளவுதான். அந்த நிற்றலுக்குப் பதிலாக நாலு ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றும். குன்வோரிடம் சட்டம் ஒன்றே ஒன்று: வாளிக்குள் மரம் தருவது மட்டும் இருக்கலாம்.

பேர்ச் மொட்டு வெடித்து இலை எலிக்காது அளவுக்கு வந்தால் பருவம் முடிந்தது. அதன்பிறகு சாறு மஞ்சளாகி மணக்கும், பாணி கசக்கும். முடிவதற்கு முந்திய நாள் சேர்கிற சாறுதான் கடைசிச் சட்டி. அதை விற்கமாட்டோம். வேலை செய்தவர்கள் பங்கிட்டுக்கொள்வோம். அந்த வருடம் புதிதாக யார் வந்தாரோ அவர்தான் அதைத் தனியாகக் காய்ச்ச வேண்டும். குன்வோர் வெளியே விறகு பிளந்துகொண்டிருப்பார், உள்ளே எட்டியும் பார்க்கமாட்டார். சட்டி நல்லபடி இறங்கினால் ஆளை வைத்துக்கொள்வார். என் முதல் வருடத்தில் நான் அரைவாசியைக் கருக்கினேன். மீதி அரைவாசிக்காக வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், நான் அங்கே ஆறு வருடம் முடித்திருந்தபோது யோகன் வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டேன். “இனி என்ன அண்ணை, எழுதுங்கோ” என்றார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவியும் ஏழு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். ஊரில் சண்டை மறுபடியும் மூளுகிறது என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த நேரம். நிரந்தர வேலை இருந்தால்தான் அவர்களை இங்கே எடுக்கலாம். யோகனிடம் இருந்தது மூன்று மாதத் தற்காலிக வேலை. பண்ணையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த வருடக் கடைசிச் சட்டி யோகனுடையது.

முதல் நாளே நான் கேட்டேன், “தம்பி, எந்த ஊர்?”

“வவுனியா, அண்ணை.”

“அது இப்ப. சொந்த ஊர்?”

“அங்கை இஞ்சை எண்டு இருந்தனாங்கள்.”

சும்மாதான் கேட்டேன் என்று சொல்ல ஆசை. அது பொய். ஊரைக் கேட்டு, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டு, எந்தக் கோயில் என்று கேட்டு, கடைசியில் எங்கே போய் நிற்போம் என்று எனக்கும் தெரியும், வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் மரம் ஏறியதில்லை. ஏறியவர்களை வாசலுக்குள் விட்டதுமில்லை.

ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடையில் யோகனும் நானும் நின்றோம். கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன அண்ணை, ஒஸ்லோவுக்கு வந்து கள்ளுச் சீவல் தொழிலோ?” நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கென்ன, அது என்மேல் ஒட்டாத பகிடி. யோகன் ஓர் அரிசி மூட்டையின் எழுத்துகளை வெகுகவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

பண்ணையில் ஆள் சரியான நிதானம். ஆனால் சாற்று வேலையில் மட்டும் கைப்பழக்கம் இல்லாதவர்போலத் தடுமாறுவார். எனக்கு அவர்மேல் இரக்கம். கடைசிச் சட்டியில் கோட்டை விடப்போகிறாரே என்று அவரைவிட நான்தான் கூடுதலாகப் பதறினேன்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை திடீரென்று வெக்கை அடித்தது. நாங்கள் மேலங்கியைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு நின்று வேலை செய்தோம். அடுத்த நாள் கடைசிச் சட்டி என்று குன்வோர் சொல்லிவிட்டார். இந்த வெக்கைக்கு வாளியில் நிற்கிற சாறு விடியமுன் புளித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. கூட்டுறவுச் சங்கத்து மூளை விழித்துக்கொண்டது. பனையில் சாறு பிடிக்க மண் முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் கள்ளாகாது, புளிக்காத இனிப்புக் கருப்பணியாக நிற்கும். அது எனக்குப் பேரேட்டில் தெரிந்த விசயம். நான் வெற்றிலை போடுகிறவன், சட்டைப் பையில் சுண்ணாம்பு டப்பி இருந்தது. வேலை முடிந்து எல்லாரும் போனபின் ஒவ்வொரு வாளியையும் ஊற்றிக் கழுவி, அடியில் ஒரு விரல் சுண்ணாம்பு தடவித் தொங்கவிட்டேன். யோகனின் மனைவியையும் பிள்ளையையும் நானே விமானத்தில் ஏற்றிவிட்டதுபோல மனசு குளிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை அடுப்பருகே யோகன் முதல் வாளியைத் தூக்கினார். முகர்ந்து பார்த்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“அண்ணை, இதுக்குள்ளை ஏதும் போட்டனீங்களோ?”

“சுண்ணாம்பு கொஞ்சம். புளிக்காமல் இருக்கட்டும் எண்டு.”

அவருடைய வாய் திறந்தது. நான் முந்திக்கொண்டேன். “ஏன் தம்பி, உமக்கு இந்த அலுவல் தெரியுமோ?”

வாய் மூடிக்கொண்டது. “எனக்கெப்பிடி அண்ணை தெரியும்? தெரியாது” என்று சொல்லிவிட்டு வாளியைத் துணிக்குமேல் கவிழ்த்தார்.

பத்து மணிக்கே சட்டி கறுக்கத் தொடங்கியது. வழமையாகப் பொன்னிறமாக வரவேண்டிய கட்டத்தில் கோப்பி நிறம். நுரை அழுக்கு மஞ்சளாகத் திரண்டது. மணம் வெளியே போயிருக்க வேண்டும், விறகு பிளக்கிற சத்தம் நின்றது. குன்வோர் உள்ளே வந்து ஒரு சொட்டைப் பீங்கான் தட்டில் விட்டார். ருசித்தார். கசப்பு முகத்தில் தெரிந்தது.

“வாளிக்குள் என்ன போட்டாய்?” என்று யோகனைப் பார்த்துக் கேட்டார்.

யோகன் குனிந்து நுரையை வழித்தார். நான்தான் என்று நான் சொல்லவில்லை. சட்டம் எனக்குத் தெரியும், ஆறு வருடமாகத் தெரியும். குன்வோர் சற்று நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு, “இன்றைக்கு வீட்டுக்குப் போ. திங்கள் கதைப்போம்” என்றார். யோகன் முன்கட்டுத் துணியை அவிழ்த்து நாலாக மடித்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டு நடந்து போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு நாளில் நான் செய்ததில் சுண்ணாம்பு தடவியது சின்னப் பிழை.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன், சோறு இறங்கவில்லை. எழும்பிப் போய் விறகுக் கொட்டிலில் குன்வோர் முன்னால் நின்றேன்.

“நான்தான் போட்டேன். அவரல்ல.” டப்பியை நீட்டினேன். “சுண்ணாம்பு. எங்கள் நாட்டில் சாறு புளிக்காமலிருக்கத் தடவுவார்கள்.”

டப்பியைத் திறந்து பார்த்து, மூடி, என்னிடமே தந்தார். “நீ இங்கே எத்தனை வருடம்?”

“ஆறு.”

மூச்சை உள்ளே இழுத்தார். “யா.” எனக்குக் கிடைத்த ஏச்சு அவ்வளவுதான். ஆனால் அவர் முடிக்கவில்லை.

“காலையில் விறகு எடுக்கப் போகும்போது சன்னல் வழியே கண்டேன். அவர் ருசித்துவிட்டு உன்னைப் பார்த்தார். பிழை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஊற்றினார். பிழை விடுகிறவருக்குப் பழக்கலாம். தெரிந்தும் வாய் திறக்காதவரை நெருப்போடு எப்படித் தனியே விடுவேன்? ஏன் சொல்லவில்லை?”

தெரியாது என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. உமக்கு இந்த அலுவல் தெரியுமோ என்று கேட்ட என் குரல் எனக்கே காதில் கேட்டது. கடைக்காரரின் பகிடியும், அரிசி மூட்டையும், அங்கை இஞ்சை என்ற பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

குன்வோர் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார். “வடக்குச் சரிவில் பாறைக்குப் பின்னால் ஒரு பழைய மரம் நிற்கிறது. அடியில் இன்னும் பனி கிடக்கிறது, மொட்டும் விரியவில்லை. திங்கள்வரை தாங்கும். அவர் வந்து காய்ச்சட்டும். ஆனால் முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.”

யோகனைத் தேடிப் போனேன். ரொம்மன் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். கையில் வெளிநாட்டு அழைப்பு அட்டை. சுரண்டாமல் வைத்திருந்தார்.

“கொழும்புக்குப் போன் எடுக்கேல்லையோ?”

“என்னத்தைச் சொல்ல, அண்ணை?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். “நான்தான் போட்டதெண்டு குன்வோரிட்டைச் சொல்லிப்போட்டன். அவவுக்கு இப்ப அது பிரச்சினையில்லை. நீர் தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறா.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“தெரியாது எண்டனான்.”

“உங்களுக்கு உண்மையிலை தெரியாதோ, அண்ணை?” மூன்று மாதத்தில் முதல் முறையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

“இப்ப தெரியும். நான் கேட்ட கேள்விதான் உம்மடை வாயை மூடினது. என்னிலைதான் பிழை, தம்பி.”

இரண்டு ரயில் வந்து போயின. “சுண்ணாம்பைத் தெளியவிட்டு, இறுத்துத்தான் அடுப்பிலை வைக்கோணும்” என்றார் மெதுவாக. “இல்லாட்டிக் கறுக்கும். காலமையே தெரியும். சொன்னால் எப்பிடித் தெரியுமெண்டு கேப்பியள். பிறகு கடையிலை கதைப்பினம், கோயிலிலை கதைப்பினம். நாளைக்கு என்ரை பிள்ளை இஞ்சை வந்து தமிழ்ப் பள்ளிக்கூடம் போகோணும். இஞ்சையெண்டாலும் அவளுக்கு அது இல்லாமல் இருக்கட்டும் எண்டு நினைச்சன்.”

“திங்கள் வாரும்” என்று மட்டும் கெஞ்சினேன்.

திங்கள் வந்தார். வடக்குச் சரிவு மரத்தின் சாறு பளிங்காக இருந்தது. இருந்தும் குன்வோர் அடுப்பை மூட்டவிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஏன் சொல்லவில்லை?”

யோகன் சட்டியைப் பார்த்தபடி, அரைகுறை நொர்ஸ்கில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “என் அப்பா மரம் ஏறிச் சாறு எடுத்தவர். என் அம்மா காய்ச்சினவ. நான் பத்து வயதிலிருந்து காய்ச்சினேன். எங்கள் ஆட்களிடம் அது வெட்கம். அதனால் சொல்லவில்லை.”

குன்வோர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு யோகனைப் பார்த்தார்.

“பத்து வயதிலிருந்தா?”

“யா.”

“அப்படியானால் நீ மூன்று கிழமையாக என்னிடம் ஏன் வேலை பழகினாய்? நான் அல்லவா உன்னிடம் பழகியிருக்க வேண்டும்?” என்று சொல்லிவிட்டு வெள்ளைத் தட்டை எடுத்து யோகன் கையில் கொடுத்தார். வெளியே போய்விட்டார். கோடரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

தமிழில் எனக்குச் சொல்ல மூன்று மாதம் தொண்டையில் நின்றதை, யோகன் அந்த மனுசிக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அடுப்பு எரிந்து சாறு கொதித்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுது என்ன செய்ய, “தம்பி, நுரை பொங்குது” என்றேன்.

“அது பொங்கோணும் அண்ணை, நீங்கள் தள்ளி இருங்கோ” என்றார். அன்றைக்குத்தான் யோகனின் கையைப் பார்த்தேன். தடுமாற்றமாவது ஒன்றாவது! ஒரு விறகை இழுப்பார், நெருப்பு சொன்னபடி கேட்கும். கடைசியில் பாணியை இரண்டு விரலிடையில் எடுத்து விரித்துப் பார்த்தார். நூல் இழுபட்டது. இறக்கினார். ஒரு சின்னப் போத்தல்தான் தேறியது. குன்வோர் ருசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அலுவலக அறைக்குப் போய், வேலை ஒப்பந்தத்தை எழுத உட்கார்ந்தார்.

தாயும் மகளும் மார்கழியில் வந்து சேர்ந்தார்கள். ரொம்மனில் சின்னதாக ஒரு வீடு. வரச்சொல்லி யோகன் கூப்பிட்டார். என் மனைவிக்கு அன்று வேலை, நான் மட்டும் போனேன். யோகனின் மனைவி, பாவம், பயந்த மாதிரி வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு தட்டம். தட்டத்தில் மூடி திறக்காத ஒரு சோடாப் போத்தல். கோப்பை இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வந்தவர் தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்கமாட்டார் என்று வீட்டுக்காரருக்கே தெரிந்தால், கடையில் வாங்கிய சோடாவை உடைக்காமல் அப்படியே நீட்டுவார்கள். என் தகப்பனார் அப்படி எத்தனையோ சோடா குடித்திருக்கிறார். என் ஊர்ப் பெயரை யோகன் சொல்லியிருப்பார், அவ்வளவே அவர் மனைவிக்குப் போதும். ஒஸ்லோவில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, எனக்குச் சோடா.

உள்ளதைச் சொல்ல வேண்டும். என் கை தன்பாட்டில் போத்தலை நோக்கிப் போய்விட்டது. யோகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை இழுத்துக்கொண்டேன். “தங்கச்சி, இந்தக் குளிருக்குள்ளை ஆர் சோடா குடிக்கிறது? எனக்குத் தேத்தண்ணி போடுங்கோ. நீங்கள் குடிக்கிற கோப்பையிலை.”

யோகனின் மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தார்.

“போடுமன்” என்றார் யோகன்.

குசினிக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையோடு வந்தார். சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார். முழுவதையும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். மகள் கதிரையில் ஏறியிருந்து, “அம்மா, அப்ப இது எனக்கோ?” என்று போத்தலை எடுத்தாள். யாரும் பதில் சொல்ல முதலே திறந்து, காலை ஆட்டி ஆட்டி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.